வரியைக் குறைத்தும் வசவு

? 2009-இல் அமெரிக்காவில் பொருளாதார மீட்புச் செலவை எதிர்த்தவர்கள் தேயிலையை ஏன் கையில் எடுத்தார்கள்?

1773-இல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய கலகத்தின் நினைவாக. (அன்று பிரிட்டன் கொண்டுவந்த தேயிலைச் சட்டத்தால் அமெரிக்கக் குடியேற்றங்களில் தேயிலை விலை குறையத்தான் இருந்தது, தங்கள் பிரதிநிதி இல்லாத நாடாளுமன்றம் வரி போடுவதா என்பதுதான் சண்டை. 2009-இல் ஏறத்தாழ எல்லோருக்கும் பிரதிநிதி இருந்தார்.)

கோபம் ஒரே நாளில் மூண்டதல்ல. 2008 அக்டோபரில், புஷ் ஆட்சியிலேயே, வங்கிகளைக் காப்பாற்ற 70,000 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2009 பிப்ரவரி 17-இல் ஒபாமா 78,700 கோடி டாலர் மீட்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மறுநாளே வீட்டுக்கடன் கட்ட முடியாதவர்களுக்கு 7,500 கோடி டாலர் திட்டம். 19-ஆம் தேதி தொலைக்காட்சியில் வெடித்த சிஎன்பிசி நிருபர் ரிக் சான்டெல்லி, சிகாகோவில் 'டீ பார்ட்டி' (பாஸ்டன் கலகத்தின் பெயர் அதுதான்) நடத்தலாம் என்றார். அவரைச் சுட்டது அந்த வீட்டுக்கடன் திட்டம்தான். தெருவுக்கு வந்தபோது மூன்றும் ஒரே கணக்கில் சேர்ந்துவிட்டன.

? அந்தச் சட்டத்தில் வரிக்குறைப்பும் இருந்ததாமே? பிறகு ஏன் வரிக் கணக்கின் கடைசி நாளான ஏப்ரல் 15-இல் போராட்டம்?

மொத்தத் தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரிச்சலுகை. உழைப்பவர் ஒருவருக்கு 400 டாலர், தம்பதிக்கு 800. ஆனால் அதைக் காசோலையாக அனுப்பவில்லை. ஒவ்வொரு சம்பளத்திலும் பிடிக்கும் வரியைக் குறைத்தார்கள். வாரத்துக்குச் சுமார் பத்து டாலர் கூடுதலாக வரும். இது தெரிந்தே செய்தது. மொத்தமாகக் கொடுத்தால் மக்கள் பழைய கடனை அடைப்பார்கள், சேமிப்பார்கள். சில்லறையாகக் கொடுத்தால் செலவழித்துவிடுவார்கள், கடைகளில் வியாபாரம் நடக்கும் என்பது கணக்கு. பொருளாதாரத்துக்கு அது சரி. அரசியலுக்கு அதைவிட மோசமான வழி இல்லை. பத்து டாலர் கூடியதை யார் கவனிப்பார்கள்? ஏப்ரலில் சலுகை கைக்கு வரத் தொடங்கியபோதுதான் தெருவில் கோஷமும் கேட்டது.

அதே சட்டத்தில் மாநிலங்களுக்குப் போன உதவியும் இதே கதைதான். பெரும்பாலான மாநிலங்கள் பற்றாக்குறை பட்ஜெட் போட முடியாது. வருவாய் சரிந்தால் ஆசிரியர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்; அதைத் தவிர்க்கத்தான் இந்த உதவி. வேலை போகாத ஆசிரியரைப் படம் பிடித்துக் காட்ட முடியுமா?

? சாலைப் பணிக்கு ஒதுக்கிய பணம் ஏன் உடனே வேலையாக மாறவில்லை?

நெடுஞ்சாலைகளுக்குச் சுமார் 2,750 கோடி டாலர். மாநிலங்கள் தம் பங்கில் பாதியை 120 நாளுக்குள் திட்டங்களுக்கு உறுதி செய்தாக வேண்டும். உறுதி செய்வது வேறு, பணம் புழங்குவது வேறு. வரைபடம், சுற்றுச்சூழல் அனுமதி, டெண்டர் எல்லாம் முடிந்து ஒப்பந்ததாரர் வேலை செய்து, மாநிலம் பில்லைக் கட்டிய பிறகுதான் மத்திய அரசு திருப்பித் தரும். அதனால் முதலில் ஓடியவை, வரைபடம் தயாராகக் கிடந்த தார் மேற்பூச்சுப் பணிகள். புதுப் பாலங்கள் தாமதமாயின.

இதற்கிடையே, வேலையின்மை 8 சதவீதத்தைத் தாண்டாது என்று ஒபாமாவின் ஆலோசகர்கள் ஜனவரியில் போட்ட மதிப்பீடு பொய்த்தது. அக்டோபரில் அது 10 சதவீதம். சட்டம் இல்லாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும் என்பது என் கருத்தும்கூட. ஆனால் அந்த வாதம் மேடையில் எடுபடாது. 2010 தேர்தலில் குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் சபையில் 63 இடங்களைக் கூடுதலாகப் பிடித்தது.