ஓர் ஓப்பரா ஒலிப்பதிவின் வேகம், சுருதி, மனநிலை மூன்றையும் செயலி காட்டும் எண்களிலிருந்து அறிய முடியுமா?

ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரின் 'தாஸ் ரைன்கோல்ட்' ஓப்பராவைக் கேட்கும்போது, கைப்பேசிச் செயலி தொடக்க இசைக்கு முதலில் ஒரு வேகத்தையும் சிறிது நேரத்தில் அதைப் போல் இரு மடங்கையும் காட்டியது என்றும், சுருதியை ஈ பிளாட் மேஜர் என்றும் மனநிலையை 'அமைதி' என்றும் குறித்தது என்றும் எழுதி, இவற்றில் எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். சுருதி சரி. வேகம் ஒரு வகையில் சரி. மனநிலையைப் பொறுத்தவரை, அந்த ஒற்றைச் சொல்லை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

நான் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கேட்பது, ஜார்ஜ் சோல்ட்டி வியன்னா பில்ஹார்மோனிக் குழுவை நடத்த, ஜான் கல்ஷாவின் தயாரிப்பில் 1958-இல் வியன்னாவின் சோஃபியன்சால் மண்டபத்தில் டெக்கா நிறுவனம் எடுத்த ஒலிப்பதிவு. அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

தொடக்க இசை 136 தாள அளவுகள் (bar) கொண்டது. அவ்வளவு நேரமும் அடிப்படைச் சுரக்கூட்டு (chord) மாறுவதே இல்லை. ஈ பிளாட், அதாவது நம் கணக்கில் இரண்டரைக் கட்டை, அசையாமல் நிற்கிறது. முதலில் டபுள் பாஸ்கள் ஷட்ஜத்தை மட்டும் பிடிக்கின்றன. அந்த வாத்தியத்தின் கடைசிக் கம்பி 'ஈ' என்பதால், அதற்கும் அரைச் சுரம் கீழே இறங்குவதற்காகக் கம்பியைத் தளர்த்திச் சுருதி சேர்க்க வேண்டும் என்று வாக்னர் எழுதியிருக்கிறார். ஐந்தாவது தாள அளவில் பஸ்ஸூன்கள் பஞ்சமத்தைச் சேர்க்கின்றன. தம்புரா மீட்டி வளர்ந்த காதுக்கு இந்த ஸா-பா எவ்வளவு நெருக்கமானது என்று நான் விளக்க வேண்டியதில்லை. அடியில் ஒலிக்கும் அந்த ஷட்ஜத்தின் அதிர்வெண் ஏறத்தாழ 39 ஹெர்ட்ஸ். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியால் அதை எழுப்ப முடியாது. முதல் முறை அப்படிக் கேட்டபோது, பாட்டு இன்னும் தொடங்கவில்லை என்று எண்ணி நான் இரண்டு முறை பொத்தானை அழுத்தினேன். நல்ல ஹெட்போனில், சத்தத்தைச் சற்றுக் கூட்டி வைத்துக் கேட்டால்தான் அந்த ஷட்ஜம் காதுக்கு எட்டும் முன்பே ஓர் அதிர்வாக உடம்பில் உணரப்படும்.

பதினேழாவது தாள அளவில் ஒரு ஹார்ன், ஷட்ஜத்திலிருந்து பஞ்சமம், மேல் ஷட்ஜம், காந்தாரம் என்று படிப்படியாக ஏறுகிறது. அது முடிப்பதற்குள் அடுத்த ஹார்ன் அதையே தொடங்க, இப்படி எட்டு ஹார்ன்களும் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து சேர்கின்றன. பிறகு செல்லோக்கள் அலைபோல் ஓடத் தொடங்குகின்றன. இன்னும் சிறிது தொலைவில் அந்த ஓட்டம் இரட்டிக்கிறது. உங்கள் செயலி தடுமாறியது இங்கேதான் என்று நினைக்கிறேன். தாளம் மாறவில்லை, ஒரே காலப்பிரமாணத்துக்குள் முதலில் கீழ்க்காலமும் அடுத்து நடுக்காலமும் அதன்பின் துரித காலமும் வருகின்றன, அவ்வளவுதான். இதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். தாள அளவுக்கு இரண்டு அடி வீதம் 136 அளவுகளுக்கு 272 அடிகள். நான்கு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாக ஓடும் பதிவில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 64 அடிகள் வரும். ஒவ்வோர் அடியும் மூன்றாகப் பிரிவதால், உட்பிரிவுகளை அடியாக எண்ணும் செயலி 192 என்றுகூடக் காட்டலாம். வாக்னர் இந்த இடத்துக்கு எண் எதுவும் தரவில்லை. அமைதியும் தெளிவுமான ஓட்டம் என்று பொருள்படும் ஒரு குறிப்பை மட்டும் எழுதியிருக்கிறார்.

மனநிலை பிறப்பது வேகம், சுருதி என்னும் இந்த இரண்டின் சேர்க்கையில்தான் என்பது என் கருத்து. அடி வேகம் கூடாமல் உள்ளோட்டம் மட்டும் கூடுவதால், யாரும் நம்மை விரட்டாமலே ஏதோ ஒன்று பெருகிவருவதை உணர்கிறோம். சுருதி அசையாததால், எங்கும் போகாமல் இருந்த இடத்திலேயே நீரில் மூழ்கியிருப்பது போலவும் இருக்கிறது. ஒரு நாள் மின் தம்புராவை இரண்டரைக் கட்டையில் வைத்து, பதிவோடு ஒத்துப்போகும்படி சிறிது கூட்டிக் குறைத்து, இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டேன். 136 தாள அளவுகள் வரை தம்புரா அந்தக் குழுவில் ஒன்றாகவே ஒலித்தது. அடுத்த கணம் ரைன் நதியின் மகளான வோக்லிண்டெ வாய் திறந்ததும் ஆதாரம் மத்திமத்துக்கு, ஏ பிளாட்டுக்கு, நகர்ந்தது, தம்புரா அந்நியமாகிவிட்டது. நான்கு நிமிடம் காத்திருந்த ஒரே ஒரு நகர்வு அது. முதல் மனிதக் குரலும் அதே நொடியில் வருவதால், அந்த இடத்தில் எனக்கு இன்றும் மயிர் கூச்செறிகிறது.

வேறு நடத்துநர்களிடம் இதே இசை வேறாகத் தோன்றும். வாக்னர் விழா நடக்கும் பைராய்ட் நகரில் கார்ல் போம் நடத்திய மேடைப் பதிவு மொத்தத்தில் விரைவானது. கராயனின் பெர்லின் பதிவு மென்மையானது. சோல்ட்டியிடம் ஒலியின் எடை அதிகம். தேவர்கள் நிபெல்ஹைம் என்னும் பாதாளத்துக்கு இறங்கும்போது பதினெட்டுப் பட்டறைக்கற்கள் ஒலிக்க வேண்டும் என்பது வாக்னரின் கட்டளை. கல்ஷா பதினெட்டையும் தேடிக் கொண்டுவந்து அடிக்க வைத்தார். ஆர்க்கெஸ்ட்ரா மெல்ல விலகி இரும்பின் ஓசை மட்டும் தனித்து நிற்கும் அந்த இடத்தில், செயலிக்குத் தாளம் தெளிவாகக் கிடைக்கும், மனநிலை 'உற்சாகம்' என்றுகூட வரலாம். அங்கே சுத்தியல் அடிப்பவர்களோ, ஆல்பெரிக் என்னும் குள்ளனின் மோதிரத்துக்கு அடிமைப்பட்டவர்கள்.

முடிவு இதைவிடக் கடினமான சோதனை. ஓப்பரா தொடங்கிய சுருதிக்குத் திரும்புவதில்லை; ஒரு கட்டை கீழே, டி பிளாட் மேஜரில், ஒன்றரைக் கட்டையில் முடிகிறது. தேவர்கள் வானவில் பாலத்தில் ஏறி வல்ஹல்லா கோட்டைக்குள் நுழைகிறார்கள். பித்தளை வாத்தியங்கள் முழங்குகின்றன. சுரக்கூட்டில் எந்தக் கறையும் இல்லை. சுருதியையும் ஒலியளவையும் மட்டும் பார்த்தால் இது வெற்றி விழா. ஆனால், இவர்கள் தங்கள் அழிவை நோக்கித்தான் விரைகிறார்கள் என்று நெருப்பின் தேவனான லோகெ சற்று முன்புதான் சொல்லியிருக்கிறான்; தங்கத்தைப் பறிகொடுத்த நதிமகள்களின் புலம்பல் கீழே பள்ளத்தாக்கிலிருந்து கேட்டிருக்கிறது. சோல்ட்டி பதிவில் அந்த மூன்று குரல்களும் எட்டத்தில் ஒலிக்க, அவற்றை அமுக்கிக்கொண்டு முழக்கம் எழுகிறது. அந்தக் கடைசி ஐந்து நிமிடங்களுக்கு உங்கள் செயலி என்ன மனநிலையைக் காட்டுகிறது என்று பார்த்து இங்கேயே எழுதுங்கள், தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.