செஸ்னா 172 சிறுவிமானத்தின் கதவில் உள் கைப்பிடி உடைந்துவிட்டது. எபாக்சி வைத்து ஒட்டினால் நிற்குமா?

நிற்காது. நானும் ஒட்டிப் பார்த்தவன்தான். விமானம் ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) சும்மா நின்றபோது, எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கலாமே என்று ஒட்டினேன். ஐந்தாவது தடவை திருப்பும்போது அதே இடத்தில் விட்டுக்கொண்டது. கதவின் தாழை இயக்குகிற தண்டின் பல்வெட்டுகளைக் கைப்பிடியின் அடிப்பகுதி கவ்விப் பிடிக்கிற இடம் அது. திருப்புகிற விசை முழுக்க அந்தச் சின்ன வளையத்தில்தான் வந்து விழும். பசை பிளாஸ்டிக்கைத்தான் ஒட்டும், தேய்ந்த பல்லை வளர்க்காது.

ஆனால் நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: கைப்பிடி ஏன் உடைந்தது?

172-இன் உள் கைப்பிடிக்கு மூன்று நிலைகள். திற, மூடு, பூட்டு. கதவை இழுத்துச் சாத்தினால் ஸ்பிரிங் கைப்பிடியை 'மூடு' நிலைக்கு, அதாவது மேல்நோக்கி, கொண்டுவந்து நிறுத்தும். அப்புறம் முன்பக்கமாகத் தள்ளிப் படுக்க வைத்தால் ஒரு மேட்டைத் தாண்டுகிற மாதிரி 'டக்' என்று விழுந்து, ஆர்ம்ரெஸ்டோடு சமமாக உட்கார்ந்துவிடும். அதுதான் பூட்டு. அந்த மேட்டைத் தாண்ட ஓரளவு விசை போதும். உள்ளங்கையை வைத்து அமுக்க வேண்டியிருக்கிறது என்றால், கதவு சட்டத்தில் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம்.

என் விஷயத்தில் குற்றவாளி நான்தான். மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது என்று கதவைச் சுற்றி புது ரப்பர் பீடிங் ஒட்டினேன். கொஞ்சம் தடிமனானதாக வாங்கிவிட்டேன். 'புதுசு, நாளாக நாளாக அமுங்கிவிடும்' என்று ஒவ்வொரு தடவையும் பலமாகத் தள்ளிப் பூட்டினேன். மூன்றாவது வாரம் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. நல்லவேளை, தரையில்.

அதனால் புதுக் கைப்பிடி வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு காகிதத் துண்டைக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்துச் சாத்தி, மெல்ல இழுங்கள். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு இடங்களில் இப்படிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு வந்து, இன்னொரு பக்கம் காகிதமே கிழிகிறது என்றால் அங்கே ரப்பர் அதிகம், அல்லது கதவு தொங்குகிறது. கதவைத் திறந்துவைத்து, பின்நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் கீல் ஊசி தேய்ந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். எனக்குக் கீழ்ப்பக்கம் இரண்டு இடங்களில் காகிதம் கிழிந்தது.

சரி, பிரிக்கும் வேலை. ஆர்ம்ரெஸ்டையும் உள் பேனலையும் கழற்ற வேண்டும். பழைய பிளாஸ்டிக் பேனல் அப்பளம் மாதிரி, அவசரப்பட்டால் அது வேறு உடையும். திருகுகளின் நீளம் இடத்துக்கு இடம் மாறும். கழற்றின வரிசையிலேயே ஒரு டேப்பில் ஒட்டி வையுங்கள். கைப்பிடியின் மிச்சத்தைத் தண்டிலிருந்து எடுக்கும் முன், அது எந்தக் கோணத்தில் இருந்தது என்று தண்டிலும் தகட்டிலும் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். இதை நான் செய்யவில்லை. புதுக் கைப்பிடியை ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டேன். பார்க்க எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் பூட்டும்போது உள்ளே அந்த 'டக்' விழும் முன்பே கைப்பிடி ஆர்ம்ரெஸ்டில் போய் இடித்தது. பூட்டினது மாதிரி இருக்கும், பூட்டியிருக்காது. திரும்பவும் எல்லாவற்றையும் பிரித்தேன்.

உள்ளே தாழ் பொறிமுறையில் பழைய கிரீஸ் தூசியோடு சேர்ந்து கறுப்பு மெழுகாக இறுகியிருந்தது. துடைத்துவிட்டு, பராமரிப்புக் கையேடு சொல்கிற மசகைக் கொஞ்சமாகப் போட்டால் போதும். கரைப்பானைத் துணியில் நனைத்துத் துடையுங்கள், ஸ்பிரே அடிக்காதீர்கள். ஜன்னல் அக்ரிலிக். அதில் பட்டால் மயிரிழை மாதிரி வெடிப்பு ஓடும், அப்புறம் கைப்பிடிச் செலவு சில்லறையாகத் தெரியும்.

கைப்பிடியை உங்கள் விமானத்தின் வரிசை எண்ணை வைத்துப் பாகப் பட்டியலில் தேடி வாங்குங்கள். '172 கைப்பிடி' என்று பொதுவாகக் கேட்டால் வேறு வருட மாடலுக்கானது வந்து சேரலாம். முப்பரிமாண அச்சில் எடுத்துக்கொள்ளலாமா என்று நண்பர்கள் கேட்பார்கள். கோடையில் வெயிலில் நிற்கிற காக்பிட்டின் சூட்டில் பல வகை அச்சுப் பிளாஸ்டிக் இளகிவிடும். அதைத் தவிர, அங்கீகாரக் காகிதம் இல்லாத பாகத்துக்கு எந்த மெக்கானிக்கும் கையெழுத்துப் போடமாட்டார்.

கையெழுத்து என்றதும் ஒன்று. உரிமையாளரே செய்துகொள்ளலாமா என்பது விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அமெரிக்கப் பதிவென்றால், விமானி தானே செய்யக்கூடிய பராமரிப்புகளின் பட்டியல் அங்குள்ள விதிகளின் 43-ஆம் பகுதி, பின்னிணைப்பு ஏ-இல் இருக்கிறது. இருக்கைப் பாகம், சீட் பெல்ட், பக்க ஜன்னல் எல்லாம் அதில் உண்டு. கதவுக் கைப்பிடி பெயர் சொல்லி இல்லை. நான் கையெழுத்துப் போடக்கூடிய மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்தேன். அவர் பார்த்து லாக்புக்கில், அதாவது விமானத்தின் பராமரிப்புப் பதிவேட்டில், எழுதினார்.

'அதுவரை இன்னொரு கதவு இருக்கிறதே, பறக்கலாமா?' என்றும் கேட்டிருக்கிறீர்கள். பறக்காதீர்கள். வானத்தில் கதவு திறந்துகொள்வதை நினைத்துச் சொல்லவில்லை. கீல் முன்பக்கம் இருப்பதால் காற்றே கதவை அமுக்கி வைக்கும். கொஞ்சம் இடைவெளி, நிறைய இரைச்சல், அவ்வளவுதான். பதறிப்போய் விமானத்தை ஓட்ட மறக்கிற விமானிதான் அங்கே ஆபத்து. எனக்குப் பயம் தரையில். இறங்கும்போது ஏதாவது ஆகி, புகைக்குள் கைக்குத் தட்டுப்பட வேண்டிய கைப்பிடி அங்கே இல்லையென்றால்? பைப்பர் செரோகி மாதிரி வலப்பக்கம் ஒரே கதவுள்ள விமானமென்றால் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

மாட்டி முடித்ததும் முதல் தடவை சாத்தும்போது ஜன்னலைத் திறந்துவைத்து, வெளியே ஒருவரை நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் இருபது முப்பது தடவை திறந்து மூடுங்கள். நான் பீடிங்கையும் மெலிசாக மாற்றினேன். இப்போது கைப்பிடியை இரண்டு விரலால் தள்ளினாலே 'டக்' என்று பூட்டில் விழுகிறது. பயணிகள்தான் இன்னும் அந்தக் கைப்பிடியைப் பிடித்துக் கதவை இழுக்கப் பார்க்கிறார்கள். ஆர்ம்ரெஸ்டைப் பிடித்து இழுங்கள் என்று ஏறும்போதே சொல்லிவிடுகிறேன்.