வில்லனை எடைபோடுவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: சூப்பர் ஹீரோ படத்தில் வில்லன் நன்றாக எழுதப்பட்டிருக்கிறானா என்பதை எதை வைத்து முடிவுசெய்கிறீர்கள்?

பதில்: படம் முடியும்போது அவனால் நாயகனிடம் என்ன மாறியிருக்கிறது என்பதையே முதலில் பார்ப்பேன். 'பிளாக் பாந்தர்' (2018) படத்தில் வில்லன் கில்மாங்கர் தோற்று இறக்கிறான். ஆனால் வக்காண்டா என்ற கற்பனை ஆப்பிரிக்க நாடு தன் வளத்தை ஒளித்துவைத்துக்கொண்டு வெளியே துன்பப்பட்ட கறுப்பின மக்களைக் கைவிட்டது என்ற அவனுடைய குற்றச்சாட்டு தோற்கவில்லை, அதை ஏற்றுத்தான் நாயகனான மன்னன் டிசாலா தன் நாட்டின் கதவுகளைத் திறக்கிறான். 'சிவில் வார்' (2016) படத்தின் வில்லன் ஸெமோவுக்கோ எந்த அதிசய சக்தியும் கிடையாது. இறந்த மனைவியின் குரல் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுவந்தவன், இறுதியில் பனிமலை விளிம்பில் அமர்ந்து அதைக் கடைசியாக ஒருமுறை கேட்டுவிட்டு அழித்துவிடுகிறான். தந்தையைக் கொன்றவனைப் பழிதீர்க்க வந்த டிசாலா, கொலைக்குக் காரணமான ஸெமோவின் கதையைக் கேட்டபின் வஞ்சத்தைக் கைவிடுகிறான்.

கேள்வி: வில்லனுக்குச் சோகமான முன்கதை கட்டாயமா?

பதில்: இல்லை. 'தி டார்க் நைட்' (2008) படத்தின் ஜோக்கர் தன் முகத்தழும்புக்கு ஆளுக்கொரு கதை சொல்கிறான். எதையும் நம்ப முடியாததே நம்மை நடுங்கவைக்கிறது.

கேள்வி: ஜோக்கர், 'அவெஞ்சர்ஸ்' படங்களின் தானோஸ் இருவரில் யார் பெரிய வில்லன்?

பதில்: இதே கேள்வி மூன்றாவது முறையாக வருகிறது. தரவரிசைக் கேள்விகளை இனித் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜருக்கு ஆஸ்கர் கிடைத்ததே, அது போதாதா?

பதில்: அது நடிப்புக்கான விருது. நடிப்பையும் எழுத்தையும் பிரித்துப் பாருங்கள் என்று மீண்டும் வேண்டிக்கொள்கிறேன்.

கேள்வி: வில்லன்களின் ஒப்பனையைப் பற்றிச் சொல்லுங்கள்.

பதில்: ஒப்பனைக் கலைஞர்களிடம் கேட்க வேண்டியது இது.

கேள்வி: முன்கதை தேவையில்லை என்பதை ஏற்க மாட்டேன். மலையாளப் படமான 'மின்னல் முரளி'யின் (2021) வில்லன் ஷிபுவுக்காக நான் அழுதேன். அந்தப் பரிதாபம்தானே அவன் வெற்றி?

பதில்: ஷிபுவாக நடித்த குரு சோமசுந்தரத்தின் கண்கள் என்னையும் கலங்கடித்தன. ஆனால் பரிதாபத்தைக் கழித்துவிட்டாலும் ஷிபு நிற்பான். ஒரே இரவில் நாயகனையும் ஷிபுவையும் மின்னல் தாக்குகிறது, இருவருக்கும் சக்தி கிடைக்கிறது. நாயகன் தவறினால் என்ன ஆவான் என்பதை ஷிபு அவன் எதிரே நின்று காட்டுகிறான்.

கேள்வி: அப்படியானால் அவன் வில்லனே இல்லையே?

பதில்: வில்லன்தான். நேசித்த பெண் இறந்ததும் ஊரையே அழிக்கக் கிளம்புகிறான். அவன் துயரம் நமக்குப் புரிகிறது. அதற்காக அவன் செய்யும் கொலைகளைப் படம் நியாயப்படுத்தவில்லை. இந்த இரண்டையும் கலக்காமல் எழுதியதால்தான் உங்களை அழவைத்த அவனே உங்களை அஞ்சவும் வைத்தான்.