மாமாவின் காட்டேஜும் டாக்டரின் ஃபெலோஷிப்பும்

கேள்வி: கோத்தகிரி பக்கம் என் ஊர். டிஎம் நியூராலஜி (நரம்பியல் சிறப்பு மேற்படிப்பு) முடித்துவிட்டு கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருக்கிறேன். மாதம் கைக்கு 2.3 லட்சம் வருகிறது. வலிப்பு நோய் சிகிச்சையில் ஓராண்டு பிடிஎஃப் (டிஎம்முக்குப் பிந்தைய ஃபெலோஷிப் பயிற்சி) படிக்க பெங்களூரில் இடம் கிடைத்திருக்கிறது. ஏழு மாதத்தில் சேர வேண்டும். உதவித்தொகை மாதம் 90,000. என்னைப் படிக்கவைத்த தாய்மாமா காட்டேஜ் கட்டுவதற்காக, என் பெயரில் 20 லட்சம் ‘டாக்டர் லோன்’ எடுத்துக் கொடுத்தேன் (14%, 5 வருடம்). ஐந்து தவணை கட்டினார், அப்புறம் நான்தான் கட்டுகிறேன். கட்டடம் பாதியில் நிற்கிறது. இன்னும் 15 லட்சம் கேட்கிறார். மறுக்க முடியவில்லை. வீட்டுக்கு மாதம் 15,000 அனுப்புகிறேன், சேமிப்பு 3 லட்சம். ஃபெலோஷிப்பை விட்டுவிடவா? ஆய்வு நிதி வாங்கித் தவணையைச் சமாளிக்கலாமா? வங்கியில் டாக்டர்களுக்கென்று ஒரு யூலிப்பும் (காப்பீடும் முதலீடும் சேர்ந்த பாலிசி) சொல்கிறார்கள்.

பதில்: டாக்டர், கடிதம் முழுக்க ஃபெலோஷிப்பைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருக்கிறீர்கள். கணக்கைப் போட்டுப் பார்த்தால் அது நிரபராதி.

உங்கள் தவணை சுமார் 46,500. வீட்டுக்கு 15,000. பெங்களூரில் பகிர்ந்து தங்கி, சாப்பாட்டையும் சேர்த்து 30,000 வைத்துக்கொள்வோம். மொத்தம் 91,500. மாதம் 1,500 துண்டு விழும், வருடத்துக்கு 18,000. இதற்காகவா வலிப்பு நோய்ப் பயிற்சியை விடுவது?

இப்போது மாமா கேட்கும் 15 லட்சத்தைச் சேருங்கள். அதே வட்டியில் இன்னொரு 35,000 தவணை. துண்டு 36,500 ஆகிவிடும், வருடத்துக்கு 4.4 லட்சம். பயிற்சி முடிந்த பிறகும் மூன்று வருடத்துக்கு மேல் அந்தத் தவணை உங்கள் கழுத்தில்தான் இருக்கும்.

ஆய்வு நிதியை நம்பி இதில் இறங்காதீர்கள். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) போன்ற இடங்களின் நிதி உங்கள் வங்கிக் கணக்குக்கு வராது, நிறுவனத்தின் கணக்குக்குத்தான் போகும். ஆய்வு உதவியாளர் சம்பளம், கருவி, பயணம் என்று தலைப்பு வாரியாகப் பிரித்திருப்பார்கள். செலவுக்குச் சான்றிதழ் கொடுத்தால்தான் அடுத்த தவணை வரும். அதில் ஒரு ரூபாய்கூட காட்டேஜ் சிமெண்டுக்குப் போகாது. பொதுவாக நிரந்தரப் பணியில் இருப்பவர்தான் முதன்மை ஆய்வாளராக விண்ணப்பிக்கவும் முடியும். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து தரும் இந்தியா அலையன்ஸ் ஃபெலோஷிப் வேறு வகை. அதில் ஆய்வாளரின் சம்பளமும் சேர்ந்தே வரும். ஆனால் முதற்கட்ட விண்ணப்பம், முழு விண்ணப்பம், நேர்காணல் என்று மாதக்கணக்கில் இழுக்கும், போட்டியும் கடுமை. பிடிஎஃப்பில் ஒரு நல்ல ஆய்வுக் கேள்வியைக் கண்டுபிடித்து, வழிகாட்டியையும் பிடித்துக்கொண்டு அதற்குப் போடுங்கள். தவணை கட்டுவதற்கான திட்டத்தில் அதைச் சேர்க்காதீர்கள்.

சரி, மாமா. படிக்கவைத்தவர், மறக்கச் சொல்லவில்லை. ஆனால் அவருக்குப் பணம் வேண்டும்போதெல்லாம் உங்கள் கையெழுத்து வட்டிக்குப் போகிறது. அந்தப் பழக்கம்தான் நிற்க வேண்டும். அந்தக் காட்டேஜுக்கு அனுமதி பெற்ற வரைபடம் இருக்கிறதா என்று கேட்டீர்களா? மலைப்பகுதியில் அனுமதியில்லாத கட்டடத்துக்கு சீல் விழுவது நீலகிரிக்காரருக்குப் புதுச் செய்தி இல்லை. வருமானக் கணக்கையும் கேளுங்கள். 2025 கோடை சீசனில் நீலகிரிக்குள் இ-பாஸ் மூலம் வார நாட்களில் தினம் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று நீதிமன்றம் வரம்பு வைத்தது. சீசன் கூட்டத்தை நம்பிப் போட்ட கணக்கு என்றால் திருப்பிப் போடச் சொல்லுங்கள்.

புதுக் கடன் கிடையாது, ஜாமீன் கையெழுத்தும் கிடையாது. பழைய 20 லட்சத்துக்கு அவரிடம் புரோநோட்டு எழுதி வாங்குங்கள். அதற்கு ஆயுள் 3 வருடம்தான், தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஏழு மாதத்தில் கோவைச் செலவு 40,000 போக, மாதம் ஒன்றேகால் லட்சம் மிஞ்சும். இருப்பையும் சேர்த்தால் 11 லட்சம் தாண்டும். ஆறு லட்சத்தை குறுகிய கால டெபாசிட்டில் போடுங்கள். மீதியில் கடனைக் குறையுங்கள். முன்கூட்டி அடைக்கக் கட்டணம் எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

யூலிப்பா? டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டால் கமிஷன் கரைந்துவிடாது. உங்கள் பெயரில் கடன் இருப்பதால் சாதாரண டேர்ம் பாலிசி (ஆயுள் காப்பீடு மட்டும், முதலீடு கிடையாது) ஒன்று போதும்.

மாமாவிடம் பேசப் போகும்போது அம்மாவையும் கூட்டிப் போங்கள். தவணை விவரத்தை ஒரே தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அவர் கட்டாத மாதங்களைச் சிவப்பு மையில் எழுதுங்கள்.