எங்கள் இருவருக்கும் ஏதாவது ஆகிவிட்டால் குழந்தைகளை யாரிடம் ஒப்படைப்பது?

இரண்டும் சின்னக் குழந்தைகள், காப்பாளராக யாரை எழுதிவைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலானோர் முதலில் வசதியான உறவினரைத்தான் நினைக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கமாட்டேன். ராத்திரி அழுதால் குழந்தை யார் தோளில் சாய்ந்து அடங்கும் என்று பாருங்கள். பணத்தை நிர்வகிக்க வேறொருவரை நியமிக்கலாம். வளர்ப்பவரே கணக்கிலும் கெட்டிக்காரராக இருக்க வேண்டியதில்லை.

தாத்தா பாட்டிக்குக் கொள்ளைப் பாசம்தான். ஆனால் கைக்குழந்தைக்கு 18 வயதாகும்போது அவர்களுக்கு என்ன வயதிருக்கும்? தம்பதியை நியமித்தால், அவர்கள் பிரிந்தால் குழந்தை யாரிடம் என்பதையும் எழுதுங்கள். சம்மதம் கேட்காமல் யார் பெயரையும் போடாதீர்கள். மாற்றாக இன்னொருவர் பெயரும் வேண்டும். எல்லாம் உயிலில் இருக்கட்டும். பல நாடுகளில் கடைசி முடிவு நீதிமன்றத்துடையது என்றாலும், பெற்றோரின் விருப்பத்தை அது கருத்தில் கொள்ளும்.

பலரும் மறப்பது முதல் ராத்திரியை. காப்பாளர் வெளியூரிலிருந்து வந்து சேரும்வரை யார் பார்த்துக்கொள்வார்கள்? பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்து, பள்ளியிலும் அவர் பெயரைப் பதிந்துவையுங்கள். அப்புறம் ஒரு தாள்: எந்த உணவு ஒவ்வாது, இன்ஹேலர் எந்த அலமாரியில், டாக்டரின் எண், எந்தப் பொம்மையைக் கட்டிக்கொண்டால் தூக்கம் வரும். குழந்தை வளர வளர அதை மாற்றி எழுதுங்கள்.