ராஃப்ட்டில் பில்லர் எங்கே முடிகிறது?

கட்டுமானக் கேள்வி–பதில்

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஐந்து மாடிக் கடைக் கட்டடம். 600 மி.மீ. ராஃப்ட் (கட்டடம் முழுவதற்கும் அடியில் ஒரே பலகையாகப் போடும் அஸ்திவாரம்). ஸ்டாட் புரோ என்ற கட்டடக் கணக்கு சாஃப்ட்வேரில் ராஃப்ட்டை பிளேட்டாக (தகடாக)ப் போட்டு, பில்லர்களை நோடில் (கட்டங்கள் சந்திக்கும் புள்ளியில்) இணைத்திருக்கிறேன். மெஷ் (தகட்டைப் பிரிக்கும் கட்டம்) 1 மீட்டரில் ஒரு மொமெண்ட் (வளைக்கும் திருப்பம்) வந்தது. 250 மி.மீ. ஆக்கியதும் பில்லருக்கு அடியில் மட்டும் எகிறிவிட்டது. எதை வைத்துக் கம்பி போடுவது? ஓனர் கம்பி விலையைச் சொல்லியே முறைக்கிறார்.
– வாசகர், அம்மாபேட்டை

பதில்: இரண்டில் எதையும் வைத்துப் போடாதீர்கள், தம்பி. மெஷ்ஷை 100 மி.மீ. ஆக்கிப் பாருங்கள், இன்னும் ஏறும். பில்லரைக் கோடாகவும் ராஃப்ட்டைத் தகடாகவும் வரைந்தால் இரண்டும் தொடுவது ஒரே புள்ளியில்தான். மொத்தச் சுமையும் ஊசிமுனையில் நிற்கிற மாதிரி கணக்குப் போகிறது. அந்தப் புள்ளியில் மொமெண்ட்டுக்கு முடிவே கிடையாது. மெஷ் சிறுக்கச் சிறுக்க ஏறிக்கொண்டேதான் இருக்கும். சாஃப்ட்வேர் தப்புப் பண்ணவில்லை, நீங்கள் கேட்டதற்குத்தான் பதில் சொல்கிறது.

உங்கள் பில்லர் புள்ளி இல்லையே. 300க்கு 600 மி.மீ. என்றே வைத்துக்கொள்வோம். அந்த அளவுக்கு ராஃப்ட்டில் கட்டம் போட்டு, உள்ளே இருக்கிற நோடுகளை பில்லர் நோடோடு ரிஜிட் லிங்க்கில் (வளையாத இணைப்பில்) கட்டுங்கள். சேஃப் (SAFE) சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்கள் அந்த இடத்துக்கு 'ஸ்டிஃப்' வகை ஸ்லாப் கொடுத்தால் போதும். பிறகு மொமெண்ட்டை பில்லரின் முகத்தில், அதாவது வெளிவிளிம்பில் படியுங்கள். காங்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456 கேட்பதும் முகத்தில் இருக்கிற மொமெண்ட்டைத்தான், நடுப்புள்ளியில் இருப்பதை அல்ல. அதையும் ஒரு நோடில் படிக்காமல், பில்லர் அகலத்தோடு இருபுறமும் ராஃப்ட் கனத்தைச் சேர்த்து அந்த அகலத்துக்குச் சராசரி எடுப்பது என் வழக்கம். இப்படிச் செய்தால் மெஷ்ஷை மாற்றினாலும் விடை பெரிதாக ஆடாது. ஓனரும் கொஞ்சம் சிரிப்பார்.

அதற்கு முன்னால் ஒன்று பாருங்கள். பில்லர் அடியில் பழைய ஃபிக்ஸட் சப்போர்ட் (அசையாத தாங்கி) இன்னும் இருக்கிறதா? ராஃப்ட்டுக்கு அடியில் மண்ணுக்குப் பதிலாக ஸ்பிரிங் கொடுத்துவிட்டு இதை நீக்க மறந்து என்னிடம் ஃபைல் கொண்டுவருகிறவர்கள் நிறைய. சுமை எல்லாம் நேராக சப்போர்ட்டுக்குப் போய்விடும், ராஃப்ட் சும்மா படுத்திருக்கும். மண் ஸ்பிரிங்குகளின் ரியாக்‌ஷனை (தாங்கும் எதிர்விசையை)க் கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். கட்டட எடையும் ராஃப்ட் எடையும் சேர்ந்து அதில் வரவேண்டும். கிடைமட்டத்துக்குத் தனியாகப் பிடிமானம் கொடுக்கவும் மறக்காதீர்கள். செங்குத்து ஸ்பிரிங் மட்டும் இருந்தால் கட்டடம் பக்கவாட்டில் வழுக்கி, எரர் அடிக்கும்.

ஸ்பிரிங் மதிப்புக்கு ஒற்றை எண்ணைப் பிடித்துத் தொங்காதீர்கள். மண்ணின் தாங்குதிறன் 150 கிலோநியூட்டன்/ச.மீ., இறக்கம் 25 மி.மீ. என்றால் 150-ஐ 0.025-ஆல் வகுக்க 6,000 கிலோநியூட்டன்/க.மீ. வரும். சேஃப்டி ஃபேக்டர் 3-ஐப் பெருக்கி, உடையும் சுமையை வைத்துப் போடுகிறவருக்கு 18,000 வரும். இரண்டையும் ஓட்டி, பெரிதாக வருவதற்குக் கம்பி போடுங்கள்.

நான் உண்மையில் பயப்படுவது மொமெண்ட்டுக்கு அல்ல, பஞ்சிங் ஷியருக்கு – பில்லர் ராஃப்ட்டைக் குத்தித் துளைத்து இறங்குவதற்கு. அதை பிளேட் ரிசல்ட்டில் தேடினால் கிடைக்காது, கையால் போடவேண்டும். எம்25 காங்கிரீட் தாங்கும் ஷியர் அழுத்தம் 0.25 × √25 = 1.25 நியூட்டன்/ச.மி.மீ. d (ராஃப்ட்டின் மேல்முகத்திலிருந்து அடிக்கம்பி வரை உள்ள ஆழம்) 540 மி.மீ. என்றால், முகத்திலிருந்து d/2 தள்ளிச் சுற்றளவு 2 × (840 + 1140) = 3960 மி.மீ. தாங்குவது சுமார் 2,670 கிலோநியூட்டன். நடு பில்லருக்கு இது தாராளம். செவ்வாய்ப்பேட்டையில் எல்லைக் கோட்டோடு ஒட்டித்தானே பில்லர் வைப்பீர்கள்? 600 பக்கம் எல்லையை ஒட்டி நின்றால் மூன்று பக்கம்தான் மிச்சம்: 1140 + 570 + 570 = 2280 மி.மீ. தாங்குவது 1,540-க்குள் இறங்கிவிடும். அதிலும் சுமை ஒருபக்கமாக விழுகிற மொமெண்ட்டைக் கழிக்கவேண்டும். ராஃப்ட் கனத்தை முடிவு பண்ணுவது அந்த ஓரத்துப் பில்லர்தான்.

கேள்வி: கல்லூரி புராஜெக்ட்டில் ராஃப்ட்டை சாலிட் எலிமெண்ட்டாக (கனத்தோடு கூடிய கட்டித் துண்டுகளாக)ப் போட்டேன். பில்லர் பீம் எலிமெண்ட் (வெறும் கோடு). மேலே கட்டடம் கன்னாபின்னாவென்று ஆடுகிறது.
– மாணவி, கருப்பூர்

பதில்: சாலிட் எலிமெண்ட்டின் நோடு நகரும், சுழலாது. பில்லரின் மொமெண்ட்டை வாங்க அங்கே ஆளே இல்லை. ஃபிக்ஸ் பண்ணினதாக நீங்கள் நினைத்தது ஹின்ஜ் (கதவுக் கீல் மாதிரி) ஆகிவிட்டது. பில்லர் கோட்டை ராஃப்ட்டின் கனத்துக்குள் இரண்டு மூன்று நோடு ஆழம் இறக்குங்கள். இல்லாவிட்டால் பில்லர் அளவுக்கு மேற்பரப்பு நோடுகளை லிங்க்கில் கட்டுங்கள். சாதாரண ராஃப்ட்டுக்கு சாலிட்டே வேண்டாம் என்பது என் கட்சி. கைடு கேட்டால் என் பேரைச் சொல்லாதீர்கள்.

கேள்வி: ஏற்காட்டில் சரிவில் வீடு. மேல்பக்கம் பாறை, கீழ்ப்பக்கம் வெட்டிய மண்ணைக் கொட்டி ரொப்பியிருக்கிறோம். ஒரே ராஃப்ட்டாகப் போடலாமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: வேண்டாம். பாறை அசையாது, ரொப்பின மண் ஒரு மழைக்காலத்திலேயே இறங்கும். மாடலில் இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு ஸ்பிரிங் கொடுத்துப் பாருங்கள், இரண்டும் சேருகிற கோட்டில் ராஃப்ட் எப்படி வளைகிறது என்று தெரியும். கீழ்ப்பக்கப் பில்லர்களை ரொப்பின மண்ணைத் தாண்டிக் கெட்டித் தரைக்கு இறக்கித் தனித்தனி ஃபூட்டிங் போடுங்கள். மாடலிலும் எல்லா பில்லரையும் ஒரே மட்டத்தில் முடிக்காமல் அதனதன் உண்மையான ஆழத்தில் முடியுங்கள்.

அப்போது மேல்பக்கப் பில்லர் குட்டையாகவும் கீழ்ப்பக்கம் நெட்டையாகவும் வரும். ஒரே சைஸ் என்றால், பாதி உயரப் பில்லர் எட்டு மடங்கு விறைப்பு. நிலநடுக்க விதிநூலான ஐ.எஸ். 1893-ன் 2016 பதிப்பில் சேலம் மூன்றாம் மண்டலம். நிலம் அதிர்ந்தால் பக்கவாட்டு விசையின் பெரும்பங்கை அந்தக் குட்டைப் பில்லர்தான் வாங்கும். அதற்கு அடியிலிருந்து தலைவரை ரிங் நெருக்கமாகக் கட்டச் சொல்லுங்கள்.