பழைய மாடல் எம் வாங்கலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மொழிபெயர்ப்புதான் என் தொழில். லேப்டாப் கீபோர்டில் தட்டித் தட்டி விரல் சலித்துவிட்டது. நண்பர் ஒருவரிடம் ஐபிஎம்மின் பழைய கீபோர்டான மாடல் எம் ஒன்று விலைக்கு வருகிறது. அடியிலுள்ள லேபிளில் 1989 என்று இருக்கிறது. அந்த விலைக்கு அமெரிக்காவின் யூனிகாம்ப் நிறுவனத்திலிருந்து புதிதாகவே வரவழைக்கலாம் என்கிறான் தம்பி. அசல் இருக்க நகல் எதற்கு என்று மனசு அடித்துக்கொள்கிறது. என்ன சொல்கிறீர்கள்?

க.

அன்புள்ள க.,

யூனிகாம்பை நகல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஐபிஎம் தன் பிரிண்டர், கீபோர்டு தொழிலை 1991இல் தனியாகப் பிரித்துவிட்டது. அதுதான் லெக்ஸ்மார்க். 1996இல் லெக்ஸ்மார்க்கும் கீபோர்டைக் கைகழுவியபோது, அங்கே வேலைபார்த்தவர்கள் சிலர் அந்த அச்சுகளையும் எந்திரங்களையும் எடுத்துக்கொண்டு, கென்டக்கியின் அதே லெக்ஸிங்டன் நகரில் யூனிகாம்பைத் தொடங்கினார்கள். பழைய அச்சுகள் தேய்ந்துபோய், மேல்மூடி சரியாகப் பொருந்தவில்லை என்ற புகார் ஒரு காலத்தில் இருந்தது. பிறகு புது அச்சு செய்துகொண்டார்கள். ஆனால் பழையதன் கனம் இதில் இல்லை. அந்தக் கனத்துக்காகவே பழையதைத் தேடி வாங்குகிறவர்களும் உண்டு; அவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

உங்கள் விரல் கேட்பது கீயின் அடியிலுள்ள சுருள்வில்லை. அழுத்த அழுத்த இறுகி, ஒரு கட்டத்தில் சட்டென்று பக்கவாட்டில் மடங்கும். அப்போது கீழே இருக்கும் குட்டிச் சுத்தியல், அழுத்தத்தை மின்சிக்னலாக்கும் சவ்வைத் தட்டும். ‘டக்’கென்று கேட்கும்போதே எழுத்தும் விழுந்துவிடும். இது இரண்டிலும் ஒன்றேதான்.

பழையதில் சுருள்வில்லை நம்பலாம், ரிவெட் என்கிற பிளாஸ்டிக் முளைகளை நம்ப முடியாது. மேலே பிளாஸ்டிக் தட்டு, கீழே இரும்புத் தகடு, நடுவில் சவ்வு. அந்த முளைகளின் தலையை உருக்கி மூன்றையும் சேர்த்து இறுக்கியிருப்பார்கள். வருஷம் ஆக ஆக முளைகள் மொரமொரத்து ஒவ்வொன்றாகத் தலை தெறிக்கும். தகடு தளர்ந்ததும் சில கீகள் மந்தமாகும். அழுத்தினாலும் எழுத்து விழாமல் போகும். நண்பர் வீட்டுக்குப் போனால் கீபோர்டைத் தூக்கி மெல்லக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே குறுமணல்போல ஏதாவது உருண்டால் தலைகள் உதிர்ந்து கிடக்கின்றன என்று அர்த்தம். மிச்ச முளைகளையும் சீவி எடுத்து, துளை போட்டு, பொடி நட்டு போல்ட்டால் முடுக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போகும். எனக்குப் பிடித்த வேலைதான். நாளைக் காலை பிரதி கொடுத்தாக வேண்டியவருக்குப் பிடிக்காது.

இன்னொன்று, அதில் விண்டோஸ் கீ கிடையாது. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நாள் முழுக்கத் தாவுகிறவர் நீங்கள். அந்தக் கீயும் ஸ்பேஸ்பாரும் சேர்த்து அழுத்திப் பழகியிருந்தால் ஆல்ட்-ஷிஃப்டுக்கு மாற வேண்டியிருக்கும். இன்றைய கம்ப்யூட்டரில் செருக, முனையை மட்டும் மாற்றும் வெறும் அடாப்டர் பெரும்பாலும் உதவாது, சிக்னலையே மாற்றித்தரும் கன்வெர்ட்டர் வேண்டும்.

ஆகவே யூனிகாம்ப். விண்டோஸ் கீ உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அனுப்பும் கூலியையும் சுங்க வரியையும் தம்பி கணக்கில் சேர்த்தானா என்று மட்டும் கேளுங்கள். சேர்க்காவிட்டால் அது ‘அந்த விலைக்கு’ வராது. நண்பருடையது குலுக்கியும் சத்தமில்லாமல் இருந்து, பாதி விலைக்குப் படிந்தால் அதையும் விட வேண்டாம், விடுமுறைக்கு ஆகும்.

எதை வாங்கினாலும் ராத்திரி தட்டும்போது வீட்டில் யாரும் தூங்க முடியாது. அறைக்குக் கதவு இருக்கிறதல்லவா?